டயர் விலை: ஏறத் தெரியும், இறங்கத் தெரியாது

புது தில்லி: காஷ்மீரி கேட் வாகன உதிரிபாகச் சந்தையில் பேரம் பேசாமல் எதையும் வாங்குவதில்லை என்பது தில்லிவாசிகளின் வழக்கம். முகப்பு விளக்கு முதல் பிரேக் கட்டை வரை அசல், அசலைப் போன்றது, பழையது என்று மூன்று விலைகள் உண்டு. ஆனால், புதிய டயர் என்று வந்துவிட்டால் பேரத்துக்கான இடம் சுருங்கிவிடுகிறது. கடைக்காரர் தமது லாபத்தில் நூறோ, இருநூறோ விட்டுக்கொடுப்பார். கழற்றிய டயருக்கு ஒரு சிறு தொகையைக் கழிப்பார். வீல் அலைன்மென்ட் இலவசம் என்பார். அதற்கு மேல் அவர் கையில் ஏதுமில்லை. விலை அவருக்கு மேலே எங்கோ தீர்மானிக்கப்படுகிறது.

அந்த "மேலே" என்பது எந்த இடம் என்ற கேள்வி, நாட்டின் போட்டிச் சட்ட அமைப்புகளிலும் நீதிமன்றங்களிலும் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. அதற்குள் எத்தனையோ முறை டயர் மாற்றிவிட்ட வாகன உரிமையாளர்களுக்கு இன்னும் விடை கிடைத்தபாடில்லை.

குடும்பச் செலவுகளில் தள்ளிப்போடக் கூடியவை பல உண்டு. டயர் அந்த வகையைச் சேர்ந்தது அல்ல. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, கார் டயரின் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்துவிட்டால் அதைச் சாலையில் ஓட்டக் கூடாது. இரு சக்கர, மூன்று சக்கர வாகனங்களுக்கு 0.8 மில்லிமீட்டர். ஆயினும், தள்ளிப்போடக் கூடாத இந்தச் செலவைத்தான் சொந்தமாக ஒரே ஒரு வாடகைக் கார் வைத்திருப்பவர் முதலில் தள்ளிப்போடுகிறார். வங்கித் தவணை, காப்பீடு, எரிவாயு ஆகியவற்றுக்கு நாள் குறித்திருக்கிறது. டயர் மட்டும்தான் வாய் திறந்து கேட்பதில்லை. தேய்ந்த டயரில் கத்தியால் புதிதாக வரி கீறி, கறுப்புச் சாயம் பூசி விற்கும் தொழில் வட மாநில நகரங்களில் தழைப்பதற்கு இதுவே காரணம். வரி கீறக் கீற, காற்றைத் தாங்கும் உள்ளடுக்குக்கும் சாலைக்கும் இடையே உள்ள ரப்பர் மெலிந்துகொண்டே போகிறது.

2012 ஆகஸ்டில் திறக்கப்பட்ட, கிரேட்டர் நொய்டாவையும் ஆக்ராவையும் இணைக்கும் 165 கிலோமீட்டர் யமுனை விரைவுச் சாலை, டயர் வெடித்து நேரும் விபத்துகளுக்காகவே பெயர் பெற்றது. கோடையில் 45 டிகிரியைத் தொடும் வெயிலில், கான்கிரீட் தளத்தில், இடைவிடாத வேகத்தில் ஓடும்போது தேய்ந்த டயர் தாங்காது என்பதை விளக்க வல்லுநர் எவரும் தேவையில்லை. ஓட்டுநருக்கும் அது தெரியும். தெரிந்தும் ஓட்டுகிறார் என்பதுதான் விஷயம்.

இரண்டு சந்தைகள்: டயர் நிறுவனங்களுக்கு இருவகை வாடிக்கையாளர்கள் உண்டு. முதல் வகையினர் கார், லாரி தயாரிக்கும் ஆலைகள். அவர்கள் லட்சக் கணக்கில் வாங்குகிறார்கள். மூலப்பொருள் விலையை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். விலை பிடிக்காவிட்டால் அடுத்த நிறுவனத்திடம் போய்விடுவோம் என்று மிரட்டும் வலிமை அவர்களுக்கு உண்டு. இரண்டாம் வகையினர், ஏற்கெனவே வண்டி வைத்திருந்து தேய்ந்த டயரை மாற்ற வருபவர்கள். இவர்கள் தனித்தனியே வருகிறார்கள். பெரும்பாலும் பஞ்சரான அன்றோ, நெடும்பயணத்துக்கு முந்தைய நாளோ வருகிறார்கள். இந்த மாற்று டயர் சந்தையில்தான் லாப விகிதம் அதிகம். ஆலைகளிடம் உயர்த்த முடியாததை நிறுவனங்கள் இங்கே உயர்த்துகின்றன.

விலை உயரும்போதெல்லாம் நிறுவனங்கள் சொல்லும் காரணம் மூலப்பொருள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. இயற்கை ரப்பர், கச்சா எண்ணெயிலிருந்து வரும் செயற்கை ரப்பர், கார்பன் கறுப்பு, நைலான் இழை, எஃகுக் கம்பி ஆகியவையே டயரின் விலையில் பெரும்பகுதி. 2011 ஏப்ரலில் கோட்டயம் சந்தையில் ஆர்.எஸ்.எஸ்.4 ரக ரப்பர் கிலோ 240 ரூபாயை எட்டியபோது டயர் விலை உயர்ந்ததை எவரும் குறை சொல்ல முடியாது. உக்ரைன் போரால் 2022-இல் கச்சா எண்ணெய் விலை எகிறியபோதும் அப்படியே.

ஆனால், இந்தத் தர்க்கம் இரு பக்கமும் செல்லுபடியாக வேண்டுமல்லவா? 2011-இன் உச்சத்துக்குப் பிறகு ரப்பர் விலை ஆண்டுதோறும் சரிந்து, 2016 தொடக்கத்தில் கிலோ 100 ரூபாய்க்குக் கீழே போனது. 2014-இன் நடுப்பகுதியில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் இருந்த கச்சா எண்ணெயும் 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே இறங்கியது. டயரின் இரு பெரும் மூலப்பொருள்களும் ஒரே காலத்தில் பாதிக்கும் கீழே சரிந்த அபூர்வமான காலகட்டம் அது. மாற்றுச் சந்தையில் அப்போது அறிவிக்கப்பட்ட விலைக் குறைப்புகளோ மிகச் சிறியவை. மிச்சம் எங்கே போயிற்று என்பதை முன்னணி நிறுவனங்களின் அந்த ஆண்டுகளின் லாபக் கணக்குகள் காட்டின.

மூடி முத்திரையிட்ட உத்தரவு: டயர் நிறுவனங்கள் தங்களுக்குள் பேசி விலையை நிர்ணயிக்கின்றன என்ற புகாரை முதலில் எழுப்பியவர்கள் நுகர்வோர் அல்லர், விற்பனையாளர்கள்தாம். அனைத்திந்திய டயர் விற்பனையாளர் கூட்டமைப்பின் புகார் 2008-இல் ஏகபோகத் தடுப்பு ஆணையத்தில் பதிவாகி, அந்த ஆணையம் கலைக்கப்பட்ட பின் இந்திய போட்டி ஆணையத்துக்கு வந்தது. 2012 அக்டோபரில் வெளியான உத்தரவில், சந்தையின் அமைப்பு கூட்டணிக்கு ஏற்றதாக இருந்தாலும், குற்றத்தை நிறுவப் போதிய ஆதாரம் இல்லை என்று ஆணையம் வழக்கை முடித்துவைத்தது.

விற்பனையாளர்கள் விடவில்லை. அவர்கள் அளித்த மனுவின் அடிப்படையில் மத்திய நிறுவன விவகார அமைச்சகமே ஆணையத்துக்கு விவகாரத்தை அனுப்பியது. இம்முறை கண்டறிந்தவை வேறு. 2011-12 காலத்தில் அப்பல்லோ, எம்.ஆர்.எஃப்., சியட், ஜே.கே. டயர், பிர்லா டயர்ஸ் ஆகிய ஐந்து நிறுவனங்களும், விலை தொடர்பான முக்கியத் தகவல்களைத் தங்கள் சங்கமான "ஆட்மா" வழியாகப் பரிமாறிக்கொண்டன. மாற்றுச் சந்தையில் விற்கும் நைலான் டயர்களின் விலையைக் கூட்டாக உயர்த்தின. உற்பத்தியையும் வரத்தையும் கட்டுப்படுத்தின என்று ஆணையம் முடிவு செய்தது. பேருந்துக்கும் லாரிக்கும் போடும் டயர்கள் அவை. காய்கறி விலையில் தொடங்கிப் பேருந்துக் கட்டணம் வரை அவற்றின் விலை புகாத இடமில்லை.

அபராதம் மொத்தம் 1,788 கோடி ரூபாய். எம்.ஆர்.எஃப். 622.09 கோடி, அப்பல்லோ 425.53 கோடி, ஜே.கே. டயர் 309.95 கோடி, சியட் 252.16 கோடி, பிர்லா 178.33 கோடி. விலை விவரங்களை உறுப்பினர்களிடமிருந்து திரட்டுவதை நிறுத்தும்படி சங்கத்துக்கும் உத்தரவிடப்பட்டது.

இந்த உத்தரவு கையெழுத்தானது 2018 ஆகஸ்ட் 31-ஆம் தேதி. நாட்டு மக்கள் அதை அறிந்தது 2022 பிப்ரவரி 2-ஆம் தேதி. இடைப்பட்ட மூன்றரை ஆண்டுகள் அது உறைக்குள் இருந்தது. எம்.ஆர்.எஃப். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் அவ்வாறு பணித்திருந்தது. 2022 ஜனவரி 6-ஆம் தேதி மேல்முறையீடு தள்ளுபடியாகி, அதே மாதம் 28-இல் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்த பிறகே உறை பிரிக்கப்பட்டது. அதற்குள் அந்த நைலான் டயர்கள் ஓடித் தேய்ந்து, ரீட்ரேடிங் ஆகி, மீண்டும் தேய்ந்து, உலைகளில் எரிந்தும் போயிருக்கும்.

கதை அங்கும் முடியவில்லை. நிறுவனங்களின் மேல்முறையீட்டை விசாரித்த தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், விலை உயர்வைக் கணக்கிட்டதில் பிழைகள் இருப்பதாகக் கூறி, 2022 டிசம்பரில் விவகாரத்தை ஆணையத்துக்கே திருப்பி அனுப்பியது. உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் நோக்கில் அபராதத்தையும் மறுபரிசீலனை செய்யலாம் என்றது தீர்ப்பாயம். தவறு செய்யாத நிறுவனத்தின் மீது பழி விழக் கூடாது என்பது சரியே. ஆனால், 2011-இல் நடந்ததாகச் சொல்லப்படும் செயலுக்கான கணக்கைப் பதினோரு ஆண்டுகள் கழித்து முதலிலிருந்து போடச் சொல்லும் ஏற்பாடு யாருக்குச் சாதகமானது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அடைத்த கதவும் திறந்த கதவும்: உள்நாட்டு நிறுவனங்கள் விலையை ஏற்றினால் வெளிநாட்டு டயரை வாங்கலாமே என்றால், அந்த வழி 2020 ஜூன் 12-ஆம் தேதியே அடைக்கப்பட்டது. கார், பேருந்து, லாரி, ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள், சைக்கிள் ஆகியவற்றின் புதிய டயர்களை இறக்குமதி செய்ய உரிமம் வேண்டும் என்று வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம் அறிவித்தது. சீனாவிலிருந்து வரும் லாரி, பேருந்து ரேடியல் டயர்களுக்கு 2017-லேயே பொருள்குவிப்புத் தடுப்பு வரியும், 2019-இல் மானிய எதிர்வரியும் போடப்பட்டிருந்தன. சீன டயர்களால் உள்நாட்டு ஆலைகளும் வேலைவாய்ப்பும் நலியும் என்ற வாதத்தைப் புறந்தள்ள முடியாது. அரண் கட்டித் தந்த அரசு, அரணுக்குள் இருப்பவர்கள் விலையை எப்படி வைக்கிறார்கள் என்று கவனிக்க ஓர் ஏற்பாட்டையும் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

ரப்பர் விவசாயிக்குக் கிடைத்த பாதுகாப்போடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். இயற்கை ரப்பர் மீதான இறக்குமதி வரி 2015 ஏப்ரலில் 20 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக உயர்த்தப்பட்டது. ஆனால் "25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது" என்பது நிபந்தனை. ரப்பர் விலை 120 ரூபாயைத் தாண்டினாலே இந்த வரியின் வலு குறையத் தொடங்கும். 200 ரூபாயில் அது 15 சதவீதம்தான். நாட்டின் தேவை 2023-24-இல் ஏறத்தாழ 14 லட்சம் டன், உற்பத்தி எட்டரை லட்சம் டன். பற்றாக்குறை இருப்பதால் இறக்குமதி தவிர்க்க முடியாதது என்றும், மூலப்பொருளுக்கு அதிக வரியும் முழு டயருக்குக் குறைந்த வரியும் விதிப்பது முரண் என்றும் நிறுவனங்கள் கூறுகின்றன. விவசாயிகளோ, விலை ஏறும் நேரம் பார்த்து இறக்குமதி வந்து இறங்குகிறது என்கிறார்கள்.

இந்த வழக்கில் பாதிக்கப்பட்டவர்கள் டயர் வாங்கியவர்கள் மட்டுமல்ல என்று கேரள விவசாயச் சங்கங்கள் வாதிடுவது இதனால்தான். விற்கும் விலையைச் சேர்ந்து நிர்ணயிப்பவர்கள், வாங்கும் விலையையும் சேர்ந்து நிர்ணயிக்க மாட்டார்களா என்பது அவர்கள் கேள்வி. டயர் விலை நிலைத்து நின்று ரப்பர் விலை மட்டும் விழுந்த ஆண்டுகளில், கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் பால்வடிப்புக் கூலிக்கே கட்டுப்படியாகாமல் மரங்கள் வெட்டப்படாமல் விடப்பட்டன. 2015-இல் கிலோவுக்கு 150 ரூபாய் ஆதார விலையை அறிவித்த கேரள அரசு, சந்தை விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தன் கருவூலத்திலிருந்து கொடுக்க நேர்ந்தது. 2024 ஆகஸ்டில் ரப்பர் விலை 2011-இன் உச்சத்தைக் கடந்தபோது, பராமரிப்பின்றி விடப்பட்ட தோட்டங்களில் விற்பதற்குப் போதிய சரக்கு இல்லை. டயர் விலை மட்டும் தாமதமின்றி உயர்ந்தது.

வரி குறைந்த பின்: 2017 ஜூலை முதல் டயருக்கு 28 சதவீத ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டு வந்தது. ஆடம்பரப் பொருள்களுக்கான அடுக்கில் டயரை வைத்தது எந்த நியாயம் என்ற கேள்விக்கு எட்டு ஆண்டுகள் கழித்துப் பதில் வந்தது. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி முதல் வரி 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. டிராக்டர் டயருக்கு 5 சதவீதம். வரிக்கு முன் 5,000 ரூபாய் விலையுள்ள ஒரு கார் டயர் 6,400 ரூபாயிலிருந்து 5,900 ரூபாயாக இறங்க வேண்டும். நான்கு டயருக்கு 2,000 ரூபாய் மிச்சம். முழுப் பயனையும் வாடிக்கையாளருக்கே அளிப்பதாக நிறுவனங்கள் அறிவித்தன.

அந்தப் பயன் எவ்வளவு காலம் நிற்கும் என்பதே சிக்கல். அடிப்படை விலையை நிறுவனம் எட்டரை சதவீதம் உயர்த்தினால் போதும், 2,000 ரூபாயும் மறைந்துவிடும். ஒரே அறிவிப்பில் அவ்வாறு உயர்த்த வேண்டியதில்லை. இரண்டு, மூன்று சதவீதமாகச் சில தவணைகளில் உயர்த்தினாலும் கணக்கு அதேதான். 2021-22-இல் நடந்ததும் அத்தகைய தொடர் உயர்வே.

வரிக் குறைப்பின் பலனை விழுங்கும் நிறுவனங்கள் மீது புகார் செய்ய 2017-இல் தேசிய மிகைலாபத் தடுப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. 2022 டிசம்பரில் அதன் பொறுப்பு, டயர் வழக்கைக் கையாண்ட அதே போட்டி ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2024 அக்டோபரில் ஜி.எஸ்.டி. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு மாறியது. 2025 ஏப்ரல் 1 முதல் புதிய புகார்கள் ஏற்கப்பட மாட்டா என்று அரசு அறிவித்தது. அதற்கு ஆறு மாதங்களுக்குள்தான் அண்மைக் காலத்தின் மிகப் பெரிய வரிக் குறைப்பு வந்தது. நுகர்வோருக்கு எஞ்சியது ஓர் உதவித் தொலைபேசி எண்.

போட்டிச் சட்டத்தின் 53-என் பிரிவு, விலைக் கூட்டணியால் நஷ்டப்பட்டவர்கள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோர வழி செய்கிறது. அதற்கு ஆணையத்தின் முடிவு அடிப்படையாக இருக்க வேண்டும். டயர் வழக்கில் அந்த முடிவைத்தான் தீர்ப்பாயம் 2022-இல் திருப்பி அனுப்பியது. என்றேனும் ஒருநாள் முடிவு உறுதியானால், 2011-இல் வாங்கிய நைலான் டயரின் ரசீதோடு லாரி உரிமையாளர் வர வேண்டியிருக்கும்.