கம்பிக் கூட்டில் குயில் முட்டை

மண்ணூர்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு இயற்கையைப் பற்றி எழுதுகிறேன் என்றால் சிரிப்பவர்கள் உண்டு. ஒரு பக்கம் பாடி, மறுபக்கம் 1964-ல் வந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏற்றும் ஷேர் ஆட்டோவும் லேத் பட்டறையும்தான் எங்கள் ஏரியாவின் சத்தம். “இங்கே என்ன இருக்கு எழுத?” என்று கேட்பவர்களுக்கு நான் மா. கிருஷ்ணனைக் காட்டுவேன்.

‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன் அவர், 1912-ல் பிறந்தவர். கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950-ல் தொடங்கிய ‘கன்ட்ரி நோட்புக்’ பத்தியை 46 ஆண்டுகள் விடாமல் எழுதினார். 1996 பிப்ரவரி 18 அன்று காலமாகும்வரை அந்தப் பத்தி நிற்கவில்லை. யானை பார்க்கக் காடுகாடாக அலைந்தவர்தான். ஆனால் காகம், பல்லி, அணில், தெருவில் மேயும் ஆடு என்று ஒன்றையும் அவர் மட்டமாக நினைத்ததில்லை. சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ நூலில் அவருடைய தமிழ்க் கட்டுரைகளைப் படிக்கலாம். நம் கதைகளில் காகம் பெரும்பாலும் விருந்தாளி வருவதைச் சொல்லவோ, பிண்டம் எடுக்கவோதான் வரும். கிருஷ்ணனிடம் அது காகமாகவே வரும். அதற்கென்று ஒரு பிழைப்பு இருக்கும்.

எங்கள் தெரு வேம்பில் இருக்கும் காக்கைக் கூட்டில் பாதி கட்டுக்கம்பி. சுள்ளி குறைந்த ஊரில் பட்டறைக் கழிவை எடுத்து வைத்துக்கொள்கிறது. கோடையில் அந்தக் கூட்டைச் சுற்றித்தான் குயிலின் நாடகம். கறுத்த ஆண் குயில் பக்கத்தில் வந்து கூவும். காக்கைகள் அதைத் துரத்திக்கொண்டு பறக்கும். அந்த இடைவெளியில், உடம்பெல்லாம் புள்ளி போட்ட பழுப்பு நிறப் பெண் குயில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். (உருகி உருகிக் கூவுவது ஆண். சினிமாப் பாட்டு எழுதியவர்களிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.) குயில் முட்டை காக்கை முட்டையைவிடச் சிறியது, நிறம் மட்டும் ஏறக்குறைய ஒன்று. பொரிவதிலும் அது முந்திக்கொள்ளும். ஐரோப்பியக் குயிலின் குஞ்சு, கூட்டிலிருக்கும் மற்ற முட்டைகளை முதுகால் நெம்பி வெளியே தள்ளிவிடும். நம் குயில் குஞ்சுக்கு அந்தக் கொலைபாதகம் வழக்கமில்லை. பெரும்பாலும் காக்கைக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளரும். கூட்டைவிட்டு வந்த பிறகும் காக்கை அதற்கு ஊட்டிக்கொண்டிருக்கும்.

“சார், அது யார் புள்ளைனு தெரியாமலே ஊட்டுது பாருங்க. இதை எழுதுங்க சார்” என்றார் பக்கத்துப் பட்டறையில் லேத் ஓட்டுபவர். டீ குடிக்க வெளியே வரும் நேரங்களில் கூட்டைப் பார்த்தே முழுக் கதையையும் தெரிந்துவைத்திருந்தார். யார் எப்போது வந்தது, யாரை யார் துரத்தியது, எந்தக் குஞ்சு முதலில் பறந்தது என்று வரிசையாகச் சொன்னார். கதை சொல்ல இதற்குமேல் என்ன தகுதி வேண்டும்? ‘ஒரு மரத்தில் ஒரு பறவை’ என்று எழுதித் தப்பிக்கும் எங்களைவிட அவர் நல்ல கதைசொல்லி.

இன்னும் கொஞ்சம் நடக்கத் தயாரென்றால் கொரட்டூர் ஏரி இருக்கிறது. கூழைக்கடாவும் நாமக்கோழியும் அங்கே வருகின்றன. கழிவுநீரும் வருகிறது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை போன வழக்கு அது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இப்போதைக்கு ஒரு வேண்டுகோள். கரண்ட் கம்பியில் உரசுகிறது என்று கோடையில் கிளை கழிக்க ஆள் வந்தால், அரிவாள் ஏறும் முன் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். கூடு இருந்தால் அந்தக் கிளையை மட்டும் சில வாரம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். ஆபத்தில்லாத இடமென்றால் கேட்பார்கள். எங்கள் தெருவில் கேட்டார்கள்.