எவ்வகைத் தலைமை நமக்கு ஏற்றது?

தில்லியிலோ மும்பையிலோ எழுத்தராகச் சேர்ந்த நம்மவர் ஒருவர், சில ஆண்டுகளில் பத்துப் பேருக்கு மேலதிகாரியாகிறார். அவர்களுடைய மொழி வேறு, பழக்கமும் வேறு. அதட்டி வேலை வாங்குவதா, கலந்து பேசுவதா, அவரவர் போக்கில் விட்டுவிடுவதா என்னும் கேள்வி அன்றே எழுகின்றது.

இம்மூன்று வகைகளையும் உளவியல் அறிஞர் கர்ட் லெவினும் உடன் ஆய்வாளர் இருவரும் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து, 1939ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். பத்து வயதுச் சிறுவர்களைச் சிறு குழுக்களாக்கிக் கைவேலை தந்தனர். ஆணையிடும் தலைவர் அறையில் இருந்தவரை வேலை மும்முரமாக நடந்தது. அவர் வெளியே சென்றதும் தளர்ந்தது. கலந்து பேசிய தலைவர் சென்ற பின்னும் வேலை தொடர்ந்தது. ஒதுங்கியே இருந்தவரின் குழுவில் வேலை குறைவாகவே நடந்தது.

ஆயினும், ஆணையிடுதல் என்றுமே தவறு என்று கொள்ளலாகாது. தீப்பிடித்த இடத்தில் கலந்தாலோசிக்க நேரமேது? கைதேர்ந்த வல்லுநரிடமோ சற்று ஒதுங்கி நிற்பதே நலம்.

அடுத்து, நம் இயல்பையும் குறிக்கோளையும் எண்ணிப் பார்ப்போம். கூச்சமுடையவர் உரக்கப் பேசக் கற்க வேண்டுவதில்லை. தனித்தனியே கேட்டறியும் பொறுமையே அவருக்குப் பலம். விரைந்து முடிவெடுப்பவர், அம்முடிவின் காரணத்தையும் சொல்லப் பழகுதல் நன்று. தொழில்நுட்பத்தில் உயர விரும்புவோர்க்குக் கற்பித்து வழிகாட்டும் தலைமை பொருந்தும். நிர்வாகத்தில் உயர விழைவோர் பொறுப்பைப் பகிர்ந்தளிக்கக் கற்க வேண்டும்.

விடுப்பில் ஊருக்குச் சென்று திரும்பும் நாளில் நம் மேசையைப் பார்ப்போம். வேலைகள் முடிந்திருந்தால் நம் வழி பொருந்தியிருக்கின்றது. அனைத்தும் நமக்காகக் காத்துக்கிடந்தால், நம் வழியை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று அறிவோம்.