ஃபிராங்கியும் ஷவர்மாவும்: பெய்ரூட்டிலிருந்து வடாலா வரை

மும்பையில் ரொட்டிக்குள் இறைச்சியைச் சுருட்டிக் கையில் கொடுக்கும் கடைகள் இரண்டு வகை. ஒன்றில் அகலமான தவா இருக்கும். மற்றதில் செங்குத்தாக நிற்கும் கம்பியும், அதன் முதுகுப் பக்கம் எரியும் கேஸ் அடுப்பும் இருக்கும். முதலாவதில் கிடைப்பது ஃபிராங்கி, இரண்டாவதில் ஷவர்மா. வடாலாவில் இரண்டுக்கும் ஆள் உண்டு. மேற்கே எஸ்.ஐ.டபிள்யூ.எஸ். கல்லூரி இருக்கும் பக்கம் மாணவர் கூட்டம். கிழக்கே ஆன்டாப் ஹில் பக்கம் வேலை முடிந்து வருகிறவர்கள். இரண்டு பண்டத்துக்கும் வேர் மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில்தான் இருக்கிறது. மும்பைக்கு வந்த வழியும் காலமும்தான் வேறு.

வேர் என்றால் அது உதுமானியத் துருக்கி. அங்கே ஆட்டிறைச்சியை நீளக் கம்பியில் கோத்து, தணலுக்கு மேல் கிடையாகப் போட்டுச் சுழற்றி வாட்டுவது பழைய வழக்கம். அதில் ஒரு தொல்லை உண்டு. உருகும் கொழுப்பு நேராகத் தணலில் சொட்டும். புகை கிளம்பும், கொழுப்பும் வீணாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாரோ ஒருவர் கம்பியை நிமிர்த்தி நிறுத்தி, நெருப்பைப் பக்கவாட்டுக்குக் கொண்டுவந்தார். இப்போது மேலே உருகும் கொழுப்பு கீழே உள்ள அடுக்குகளை நனைத்துக்கொண்டே இறங்கும். வெந்த வெளிப்புறத்தை மட்டும் மெல்லியதாகச் சீவி எடுக்கலாம். சீவிய இடம் மறுபடி நெருப்பைப் பார்த்து வேகும். காலையில் ஏற்றிய ஒரே கம்பியை இரவு வரை கொஞ்சம் கொஞ்சமாக விற்கலாம். தெருவில் கடை போடுகிறவனுக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது.

அந்த யாரோ ஒருவர் யார் என்பதில்தான் தகராறு. பர்சா நகரத்து இஸ்கந்தர் குடும்பம் 1867-ஐச் சொல்லி உரிமை கொண்டாடுகிறது. கஸ்தமோனுக்காரர்கள் தங்கள் ஊர் ஹம்தி உஸ்தாவே முன்னோடி என்கிறார்கள். இஸ்தான்புல் நாணயச் சாலையில் வேலை பார்த்த ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற ஆங்கிலேயர் 1855-இல் எடுத்த புகைப்படம் ஒன்றில் செங்குத்துக் கம்பியில் இறைச்சி நிற்பது தெரிகிறது. ஆக, பர்சாவின் கணக்கு கொஞ்சம் ஆட்டம் காணத்தான் செய்கிறது. இஸ்கந்தர் குடும்பத்தின் பண்டம் இன்றும் சுருட்டப்படுவதில்லை. தட்டில் ரொட்டித் துண்டுகளைப் பரப்பி, மேலே சீவிய இறைச்சி, தக்காளிச் சாறு, உருக்கிய வெண்ணெய், பக்கத்தில் தயிர் என்று உட்கார்ந்து சாப்பிடும் விருந்து அது.

கைக்குள் அடங்கும் சுருட்டலாக அது பேர் வாங்கியது சிரியா, லெபனான், பாலஸ்தீனத் தெருக்களில். அங்கே அதற்கு ஷவர்மா என்று பெயர். பட்டை, ஏலம், மிளகு ஆகியவற்றோடு வினிகரோ எலுமிச்சையோ சேர்த்து ஊறவைத்த இறைச்சியை அடுக்கடுக்காகக் கோப்பார்கள். கோழி என்றால் தூம் என்ற பூண்டுக் குழம்பு. ஆடோ மாடோ என்றால் எள் விழுது. கூடவே உப்பில் ஊறிய, சிவப்பேறிய டர்னிப் கிழங்கு. தூம் என்பது பூண்டு, எண்ணெய், எலுமிச்சை, உப்பு ஆகியவற்றை அரைத்தே திரளவைப்பது. மரபான பக்குவத்தில் முட்டை கிடையாது. இந்தச் சின்ன விவரத்துக்கு இந்தியாவில் பெரிய விலை கொடுக்க நேர்ந்தது.

கம்பி எந்த ஊருக்குப் போனாலும் கம்பியாகவே இருக்கிறது. மாறுவது ரொட்டியும் புளிப்பும்தான். ஓர் ஊர்ச் சுருட்டலை அடையாளம் காண இறைச்சியைவிட இவை இரண்டையும் பார்ப்பதே நம்பகமான வழி. 1922-க்குப் பிறகு ஆசியா மைனரிலிருந்து கிரீஸுக்கு அகதிகளாக வந்தவர்களோடு இந்தச் சமையலும் வந்தது. பின்னாளில் கீரோஸ் என்று பேர் பெற்ற அந்தப் பண்டத்தில் கிரேக்கர்கள் பன்றியிறைச்சியைப் போட்டார்கள். தடித்த பீட்டா ரொட்டியில் தயிரும் வெள்ளரியும் பூண்டும் கலந்த சட்சிகி தடவி, உருளைக்கிழங்கு வறுவலையும் உள்ளே செருகினார்கள். மெக்சிகோவின் புவெப்லாவில் குடியேறிய அராபியர்கள் 1930-களில் ‘அரபு டாக்கோ’ விற்றார்கள். அதிலிருந்து கிளைத்த பாஸ்தோர் டாக்கோவில் கோதுமை ரொட்டி போய்ச் சோள ரொட்டி வந்தது, எலுமிச்சையின் இடத்தில் அன்னாசி வந்தது. கனடாவின் ஹாலிஃபாக்ஸில் 1970-களில் கிரேக்கர் ஒருவர் தொடங்கிய டோனேர் என்ற சுருட்டலுக்குக் கெட்டிப் பால், வினிகர், சர்க்கரை, பூண்டுத்தூள் கலந்த இனிப்புச் சாறு. வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். ஹாலிஃபாக்ஸ் நகராட்சியோ 2015-இல் அதைத் தன் அதிகாரபூர்வ உணவாகவே அறிவித்துவிட்டது.

ஜெர்மனியின் கதை தனி. விருந்தினர் தொழிலாளர்களாகப் போன துருக்கியர்களில் ஒருவரான காதிர் நூர்மன், 1972-இல் பெர்லின் ஸூ ரயில் நிலையம் அருகே டோனர் எனப்படும் அந்தக் கம்பி இறைச்சியை ரொட்டிக்குள் வைத்து விற்றார். அவசரத்தில் இருந்த ஜெர்மானியர்கள் நடந்துகொண்டே சாப்பிடட்டும் என்பது அவர் கணக்கு. முதலில் செய்தது நாங்கள்தான் என்று வேறு சிலரும் சொல்லிக்கொள்கிறார்கள். அங்கே ரொட்டிக்குள் சிவப்பு முட்டைக்கோஸ் கட்டாயம்போல் ஆகிவிட்டது. கொத்துக்கறி 60 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று மாட்டிறைச்சி டோனருக்கு வரையறையே உண்டு. டோனருக்குப் பாரம்பரியப் பண்டம் என்ற பாதுகாப்பு கேட்டு 2022-இல் துருக்கித் தரப்பு ஐரோப்பிய ஒன்றியத்திடம் மனுப் போட்டது. எதிர்த்து நின்றது ஜெர்மனி.

இந்தப் பயணத்தில் மும்பை வெறுமனே வாங்கிக்கொண்ட ஊர் என்று நினைத்துவிடக் கூடாது. ஈராக்கிலும் இஸ்ரேலிலும் ஷவர்மா மேல் மஞ்சளும் வெந்தயமும் மணக்கும் ஒரு மாங்காய் ஊறுகாய்ச் சாற்றை ஊற்றுவார்கள். அதற்குப் பெயர் அம்பா. மாங்கனியை ஆம்பா என்றே சொல்லும் மராத்தி தெரிந்த யாருக்கும் அது எங்கிருந்து போனது என்று விளக்க வேண்டியதில்லை. 1832 வாக்கில் பாக்தாத்திலிருந்து பம்பாய்க்கு வந்த டேவிட் சசூனும் அவரைத் தொடர்ந்து வந்த யூத வணிகர்களும் பம்பாய்க்கும் பாக்தாத்துக்கும் இடையே சரக்குப் போக்குவரத்து நடத்தினார்கள். கொலாபாவின் சசூன் டாக் அந்தக் குடும்பத்தின் பெயர்தான். அவர்கள் வழியே ஊறுகாய் பாக்தாத் சேர்ந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. 1950-51-இல் ஈராக்கிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது அம்பாவும் மூட்டையோடு போய், அங்குள்ள வான்கோழி ஷவர்மாவில் ஏறிக்கொண்டது.

மும்பைக்கு எதிர்த்திசையில் வந்தது ஃபிராங்கி. அமர்ஜித் சிங் டிப் என்பவர் 1960-களின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து திரும்பும் வழியில் பெய்ரூட்டில் இறங்கி, பீட்டா ரொட்டியில் சுருட்டிய இறைச்சியைச் சாப்பிட்டார். ஊர் திரும்பியதும் அதை இந்திய நாக்குக்கு ஏற்றபடி மாற்றிப் பார்த்து, 1969-இல் விற்கத் தொடங்கினார். பெயர் வைக்கும்போது கிரிக்கெட் பக்கம் போனார். மேற்கிந்தியத் தீவுகள் அணித் தலைவராக இருந்த ஃபிராங்க் வோரல் அவருக்குப் பிடித்த ஆட்டக்காரர். பண்டம் ஃபிராங்கி ஆனது. டிப்ஸ் ஃபிராங்கி என்ற பெயரில் அந்த நிறுவனம் இன்றும் நடக்கிறது. ஆனால் ஊர் முழுக்க யார் சுருட்டி விற்றாலும் மும்பைக்காரர்கள் வாயில் அது ஃபிராங்கிதான்.

டிப் செய்த பெரிய மாற்றம், கம்பியையே விட்டதுதான். மத்தியதரைக் கடல் ஊர்களில் கடையின் மையம் நெருப்புப் பக்கம் சுழலும் இறைச்சி. மும்பையில் மையம் தவா. பாதி வேகவைத்த மைதா ரொட்டிகள் ஓரத்தில் அடுக்கியிருக்கும். ஒன்றை எடுத்துத் தவாவில் போட்டு, அடித்த முட்டையை மேலே பரப்பிப் புரட்டுவார்கள். முட்டை ரொட்டியோடு ஒட்டிப் பொன்னிறமானதும் இறக்கி, நடுவில் நீளமாக ஆட்டுக்கறியையோ கோழியையோ வைப்பார்கள். அதன்மேல் பச்சைமிளகாய் ஊறிய வினிகர் சில சொட்டு, பொடியாக நறுக்கிய வெங்காயம், ஆம்சூர்ப் புளிப்பு தூக்கலான ஃபிராங்கி மசாலா. சுருட்டி, காகிதத்தில் பொதிந்து, அடிப்பக்கத்தை முறுக்கிக் கொடுத்தால் ரயில் கூட்டத்தில் நின்றபடியும் சட்டையில் சிந்தாமல் சாப்பிடலாம். லெபனான் எலுமிச்சையின் வேலையை இங்கே மிளகாய் வினிகரும் மாங்காய்ப் பொடியும் பார்க்கின்றன.

கம்பி போனதால் இறைச்சியும் கட்டாயமில்லாமல் போனது. செங்குத்துக் கம்பியில் உருளைக்கிழங்கைக் கோக்க முடியாது. தவாவில் எதையும் வைக்கலாம். உருளைக்கிழங்கு, பனீர், சீஸ், ஷேஜ்வான் சட்னி போட்ட நூடுல்ஸ், வெங்காயமும் பூண்டும் இல்லாத ஜைன ஃபிராங்கி என்று பட்டியல் நீண்டது. விட்டல் கோயிலும் ராமர் கோயிலும் உள்ள, சைவச் சாப்பாட்டுக்காரர்கள் நிறைய இருக்கும் வடாலா, மாட்டுங்கா பக்கம் ஃபிராங்கி வேர் பிடித்ததற்கு இது முக்கியக் காரணம். இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்களில் வீட்டில் அசைவம் நுழையாவிட்டாலும் கல்லூரி வாசலில் ஆலு ஃபிராங்கிக்குத் தடை இருந்ததில்லை.

இந்தியாவில் ரொட்டியில் இறைச்சி சுருட்டுவதற்கு மத்தியதரைக் கடல் வரை போக வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கொல்கத்தாவின் நிஜாம்ஸ் கடை 1932 முதல் கபாபும் பராட்டாவும் விற்றது. அங்கே பிறந்த காட்டி ரோல் இன்று நாடு முழுக்க இருக்கிறது. கொலாபாவில் 1946-இல் தொடங்கிய படேமியா, சீக் கபாபை ரூமாலி ரொட்டியில் சுருட்டிக் கொடுத்தது. முகமது அலி சாலையில் முட்டை பூசி, கொத்துக்கறி வைத்துச் சதுரமாக மடித்துப் பொரிக்கும் பைதா ரொட்டி இருக்கிறது. ஃபிராங்கி மேல் முட்டை பூசும் யோசனை லெபனானிலிருந்து வந்திருக்க வாய்ப்பில்லை. அது இந்த வழியில் வந்தது என்று கொள்வதே பொருத்தம்.

கம்பியோடு கூடிய ஷவர்மா இந்தியத் தெருக்களில் பரவியது பிற்பாடு, வளைகுடா வேலையின் வழியாக. துபாயிலும் தோஹாவிலும் சாப்பிட்டுப் பழகிய மலையாளிகளும் தமிழர்களும் அதை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். கேரளத்திலும் சென்னையிலும் அதற்குக் குப்பூஸ்தான் ரொட்டி. மும்பையில் மெல்லிய ரூமாலியும் சேர்ந்துகொண்டது. இறைச்சி அநேகமாக எங்கும் கோழி. மகாராஷ்டிரத்தில் 2015-க்குப் பிறகு காளை, எருது வெட்டவும் தடை வந்துவிட்டதால் மாட்டு ஷவர்மா என்ற பேச்சுக்கே இடமில்லை. தூம் இருந்த இடத்தில் பச்சை முட்டை மயோனைஸ் உட்கார்ந்தது. முட்டைக்கோஸ், கேரட் துருவலோடு அதை அள்ளி அப்புவதே வழக்கமாகிவிட்டதால் கோழியின் மசாலா நாக்கில் படுவதே அரிது. சுவைக்கு இது நஷ்டம். உடம்புக்கு அதைவிடப் பெரிய ஆபத்து.

2022 மே மாதம் கேரளத்தின் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட பள்ளி மாணவி ஒருவர் இறந்தார். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சோதனையில் ஷிகெல்லா கிருமி தென்பட்டது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி. 2024 மே மாதம் மும்பையிலேயே, வடாலாவுக்குக் கிழக்கே மான்குர்த்-டிராம்பே பக்கம் சாலையோரக் கடையில் கோழி ஷவர்மா சாப்பிட்ட 19 வயது இளைஞர் ஒருவர் இறந்தார், கடைக்காரர்கள் கைதானார்கள். கேரளம் 2023 ஜனவரியில் பச்சை முட்டை மயோனைஸைத் தடை செய்தது. தமிழ்நாடு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது.

மயோனைஸை மட்டும் குற்றம் சொன்னால் பாதிதான் சரி. கம்பியின் நல்ல குணமே அதன் ஆபத்தும்கூட. நெருப்பு வெளி அடுக்கை மட்டுமே வேகவைக்கிறது. உள்ளே இறைச்சி பச்சையாகவே காத்திருக்கிறது. கூட்டம் நெரிக்கும்போது அவசரமாக ஆழச் சீவினால் வேகாத துண்டும் சேர்ந்து விழும். கூட்டம் இல்லாதபோது கேஸை மிச்சம் பிடிக்க அடுப்பைத் தணித்தால், இறைச்சி வெதுவெதுப்பிலேயே மணிக்கணக்கில் நிற்கும். கிருமி பெருக அந்தச் சூடு போதும். இரவில் மிஞ்சியதை மறுநாள் கம்பியில் ஏற்றுவது எல்லாவற்றிலும் மோசம். கம்பி சிறியதாக இருந்து அன்றே தீர்ந்துவிட்டால் இந்தத் தொல்லைகளில் பெரும்பகுதி எழாது. சீவிய கோழியைத் தவாவில் கொத்தி, ஆவி பறக்க இன்னொரு முறை புரட்டிவிட்டுச் சுருட்டும் கடைகளும் உண்டு. பெய்ரூட்டுக்காரர்கள் அதைக் கெடுத்த ஷவர்மா என்பார்கள். மும்பைச் சூட்டுக்கு அதுதான் சரி.