ஒரே மேசையில் மூத்தோரும் இளையோரும்

மலேரியாக் காய்ச்சல் பரவும் கிராமங்களில் சுகாதார ஊழியர் நோயாளியின் விரல் நுனியினின்று ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதனைப் பட்டையில் இட்டு, கால் மணி நேரத்திற்குக் குறையாமல் காத்திருக்கிறார். நோய்க்கிருமி உளதாயின், பட்டையில் கூடுதலாக ஒரு கோடு தோன்றுகிறது. கிருமியின் புரதத்தை இனங்கண்டு பற்றும் எதிர்ப்பொருள்களே அக்கோட்டிற்குக் காரணம். ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டுமளவு உண்டாக்கும் முறையை 1975-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் கண்டறிந்த இருவருள் ஒருவர், முப்பது வயதும் நிரம்பாத ஜெர்மானிய இளைஞர் கியார்க் கோலர்.

அவர் பணிபுரிந்த மூலக்கூறு உயிரியல் ஆராய்ச்சிக்கூடத்தை 1962 முதல் 1979 வரை நடத்தியவர் மாக்ஸ் பெரூட்ஸ். இயக்குநர் என்னும் பட்டத்தை அவர் ஏற்கவில்லை. நிர்வாகக் குழுவின் தலைவர் என்பதே அவருக்குப் போதுமாயிருந்தது. விலையுயர்ந்த கருவிகள் எவருடைய தனியுடைமையும் அல்ல, அனைவருக்கும் பொது. அவருடைய மனைவியார் கிசெலாவின் மேற்பார்வையில் நடந்த சிற்றுண்டிச்சாலையில் நோபெல் பரிசு பெற்றவரும் புதிதாகச் சேர்ந்த மாணவரும் அடுத்தடுத்து அமர்ந்து உண்டனர். பதவி உயர உயரத் தனியறையும் தனி மேசையும் நாடும் வழக்கம் நம் அலுவலகங்கள் அறியாததன்று. அங்கோ, அரைகுறையாக மனத்தில் தோன்றிய கருத்தையும் தேநீர்க் கோப்பையுடன் மூத்தவரிடம் சொல்லிப் பார்க்க இயன்றது.

கோலரின் வழிகாட்டி சீசர் மில்ஸ்டைன், அர்ஜென்டினா நாட்டினர். தாய்நாட்டு நிறுவனத்தில் சகாக்கள் பழிவாங்கப்பட்டபோது பதவி துறந்து, 1963-இல் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பியவர். 1974-இல் கோலர் அவரிடம் வந்தது எதிர்ப்பொருளில் நேரும் மாறுதல்களை ஆராய்வதற்கே. அதற்கு, எந்தப் பொருளைப் பற்றும் என்று தெரிந்த எதிர்ப்பொருளைத் தரும் உயிரணுக்கள் தேவைப்பட்டன. சுண்டெலியின் மண்ணீரல் உயிரணு விரும்பிய எதிர்ப்பொருளைத் தரும். ஆயின் கண்ணாடிக் கலத்தில் சில நாட்களில் மடிந்துவிடும். புற்றுநோய் உயிரணுவோ மடியாமல் பெருகும். விரும்பிய பொருளைத் தராது. இரண்டையும் இணைத்துவிட்டால் என்ன என்று கோலர் கேட்டார்.

ஒப்புக்கொண்ட வேலையை முதலில் முடிக்கட்டும் என்று மில்ஸ்டைன் தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை. சோதனைக்கு ஊக்கமே அளித்தார். இணைந்த உயிரணுக்கள் பெருகவும் செய்தன. விரும்பிய எதிர்ப்பொருளைச் சுரக்கவும் செய்தன.

1975 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த கட்டுரையில் கோலரின் பெயர் முதலிலும் மில்ஸ்டைனின் பெயர் அதனை அடுத்தும் அச்சாகியுள்ளன. 1984-இல் நீல்ஸ் யெர்னேயுடன் இவ்விருவரும் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது, கோலருக்கு வயது 38.