பாசனம் போன பின்னும் ஏரி வேண்டும்: வேங்கிக்கால் கதை

திருவண்ணாமலையிலிருந்து போளூர் வழியாக வேலூர் செல்லும் பஸ்ஸில் ஏறினால், நகரம் முடிந்ததா இல்லையா என்று தெரியும் முன்பே வேங்கிக்கால் வந்துவிடும். கடைகள், வீடுகள், அரசு அலுவலகங்கள் எல்லாம் இடைவெளி இல்லாமல் தொடர்கின்றன. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இந்த ஊரில்தான் இருக்கிறது. ஆனால் ஊரின் பெயரையும், ஊருக்கென்று இருக்கும் ஏரியையும் கவனித்தால், இது அலுவலகங்களுக்காக ஏற்பட்ட ஊர் அல்ல என்பது புரியும். பெயரின் கடைசியில் நிற்கும் 'கால்' என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் வாய்க்கால் என்றும் ஒரு பொருள் உண்டு. நீரை நம்பி வாழ்ந்த ஊருக்குப் பொருத்தமான பெயர்தான்.

இன்று ஏரி இருக்கிறது. அதை நம்பிப் பயிரிட்ட நிலங்களில் பெரும்பகுதி மனைகளாகிவிட்டது. இந்நிலையில் ஏரியை யார் பார்த்துக்கொள்வது என்பதே கேள்வி. நகரங்களை ஒட்டிய நூற்றுக்கணக்கான தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கும் இதே கேள்விதான்.

மலையும் ஏரியும்

திருவண்ணாமலையை ஒட்டி ஓடும் பெரிய ஆறு எதுவும் இல்லை. கடல் மட்டத்திலிருந்து 814 மீட்டர் உயரமுள்ள மலை ஒன்று தனியாக நிற்கிறது. அதைச் சுற்றி மேடும் பள்ளமுமான செம்மண் பூமி. ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை. அது தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் ஏறக்குறையச் சரிபாதியாகக் கிடைக்கிறது. ஆனால் பெய்யும்போது சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். பாறை மலையில் விழுந்த நீர் நிற்காது. அதைச் சரிவில் மறித்து, மண்கரை போட்டு, மதகு வைத்து, மிஞ்சியதை அடுத்த ஊருக்கு அனுப்புவதைத் தவிர இப்பகுதி மக்களுக்கு வேறு வழி இருந்ததில்லை.

மன்னர்களும் இதை அறிந்திருந்தனர். 14-ஆம் நூற்றாண்டில் ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளன் திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டிருந்தான். 16-ஆம் நூற்றாண்டில் விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் ராஜகோபுரப் பணியோடு, தம் அரசியின் பெயரால் திருமலைதேவியம்மன் சமுத்திரம் என்ற நீர்நிலையையும் ஏற்படுத்தினார் என்று கோயில் கல்வெட்டு கூறுகிறது. கோபுரத்தைப் பார்க்க வருகிறவர்கள் ஏரியைப் பற்றிக் கேட்பதில்லை. அந்த நாளில் இரண்டும் ஒரே சாசனத்தில் இடம்பெறத் தக்க பணிகளாக இருந்தன.

இத்தகைய ஏரிகள் தனித்தனியே நிற்பவை அல்ல. மேல் ஊர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக நீர் வெளியேறினால், 'கோடி போய்விட்டது' என்று வட ஆற்காட்டு மக்கள் சொல்வார்கள். அந்தக் கோடி நீர்தான் கீழ் ஊர் ஏரிக்கு வரத்து. ஆகவே ஒரு ஊரின் கலங்கலுக்குக் கீழே வாய்க்கால் அடைபட்டால், அந்த ஊரில் வெள்ளம், அடுத்த ஊரில் வறட்சி என்று இரட்டைக் கேடு உண்டாகும். ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய், மிஞ்சிய நீரைக் கொண்டுபோகும் கோடிக் கால்வாய் ஆகிய இரண்டும் ஏரிக்குக் கை கால் போன்றவை. கரையை மட்டும் பலப்படுத்தி இவற்றை விட்டுவிடுவது வீண் செலவு.

கவலையிலிருந்து மோட்டாருக்கு

ஏரி நிரம்பினால் சம்பா நிச்சயம். தை மாதத்திலும் நீர் நின்றால் நவரை. மேட்டு நிலத்தில் மானாவாரி மல்லாட்டை. இதுதான் இந்தச் சுற்றுவட்டாரத்தின் பழைய சாகுபடி முறை. மடை திறந்து முறை வைத்து நீர் பாய்ச்ச ஊர் சார்பில் ஒருவர் இருப்பார். அவரை நீர்க்கட்டி, கம்புக்கட்டி, நீர்பாய்ச்சி என்று பகுதிக்குப் பகுதி வேறு பெயரில் அழைப்பார்கள். அறுவடையில் அவருக்கு நெல் அளக்கப்படும். வரத்துக் கால்வாயைத் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும். இந்தக் குடிமராமத்து வழக்கத்தை ஆங்கில அரசு 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டமாகவே எழுதி வைத்தது. சட்டமாக்கிய பிறகு வழக்கம் மேலும் தளர்ந்தது என்பது வேறு கதை.

உண்மையான மாற்றம் கிணறுகளால் வந்தது. கவலை இறைத்த கிணற்றில் ஆயில் என்ஜின் வந்தது, பிறகு மின்மோட்டார் வந்தது. கேம்பிரிட்ஜ் மற்றும் சென்னைப் பல்கலைக்கழக அறிஞர்கள் 1973-74-இல் வட ஆற்காட்டுக் கிராமங்களில் நெல் சாகுபடியை ஆராய்ந்தபோதே, கிணற்று நீர்தான் புதிய ரகங்களுக்கு ஆதாரம் என்பதையும், நிலத்தடி நீர் இந்த வேகத்தைத் தாங்குமா என்ற கவலையையும் பதிவு செய்தனர். 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. சொந்தக் கிணறு உள்ளவருக்கு ஏரி மதகைப் பற்றிய அக்கறை குறைந்தது. ஏரியில் நீர் நின்றால்தான் கிணற்றில் ஊற்று என்பது கிணறு வற்றிய ஆண்டில் மட்டுமே நினைவுக்கு வந்தது.

கலெக்டரைத் தேடிப் போன காலம்

திருவண்ணாமலை தாலுகா 1911 வரை தென்னாற்காடு ஜில்லாவில் இருந்தது. கலெக்டரைப் பார்க்கக் கடலூருக்குப் போகவேண்டும். 1911-இல் தாலுகா வட ஆற்காட்டோடு சேர்க்கப்பட்டது, பிறகு வேலூர். ஒரு பட்டா தகராறுக்காக வேலூர் சென்று வர ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போய்விடும் என்ற நிலை எழுபத்தெட்டு ஆண்டுகள் நீடித்தது. 1989 செப்டம்பர் 30-ஆம் தேதி வட ஆற்காடு பிரிக்கப்பட்டு, திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆனது. புதிய மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் அமைந்தது. 2011 கணக்கெடுப்பின்படி 24 லட்சத்து 64 ஆயிரம் பேர் வாழும் மாவட்டம் முழுவதும் மனுவோடு தேடி வரும் ஊராக வேங்கிக்கால் ஆகிவிட்டது.

அலுவலகம் வந்தால் அலுவலர் குடியிருப்பு வரும். பின்னாலேயே டீக்கடை, ஜெராக்ஸ் கடை, வாடகை வீடு, மனைப் பிரிவு எல்லாம் வரும். பௌர்ணமி கிரிவலக் கூட்டமும் இந்தச் சாலையின் மதிப்பை ஏற்றியது. ஒரு ஏக்கர் நெல்லில் பல ஆண்டுகளில் கிடைப்பதை ஒரு மனை ஒரே பத்திரத்தில் கொடுக்கும்போது, விற்றவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. மகள் திருமணமும் மகன் படிப்பும் இப்படித்தான் பல வீடுகளில் நடந்தன.

மக்கள்தொகைக் கணக்கில் வேங்கிக்கால் 'கணக்கெடுப்பு நகரம்' என்ற வகையில் சேர்ந்தது. குறைந்தது 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், வேலை செய்யும் ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் விவசாயம் அல்லாத தொழிலில் இருப்பது ஆகிய மூன்றும் இருந்தால் ஓர் ஊர் இந்தப் பட்டியலில் வரும். வேடிக்கை என்னவென்றால், இப்படிப்பட்ட ஊரை எண்ணும்போது நகரம் என்பார்கள். ஆளும்போது கிராம ஊராட்சி என்பார்கள். சாக்கடைக்கும் தெருவிளக்கும் நகரத்து அளவில் தேவை. வருமானமோ ஊராட்சி அளவில். 1886-இல் ஏற்பட்ட திருவண்ணாமலை நகராட்சி 2024-இல் மாநகராட்சியாக உயர்த்தப்பட்டபோது, அதனுடன் சேரும் சுற்று ஊராட்சிகளின் பட்டியலில் வேங்கிக்காலும் இடம்பெற்றது. மாநகராட்சியில் சேர்ந்தால் குழாயும் சாலையும் வரலாம். ஆனால் ஊரக வேலைத் திட்டம் மாநகராட்சி எல்லைக்குள் செல்லாது. அந்தக் கூலியை நம்பியிருக்கும் நிலமற்ற பெண்களுக்கு இது சிறிய விஷயம் அல்ல.

ஏரி எதற்கு?

நஞ்சை இல்லாத இடத்தில் ஏரி எதற்கு என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. சென்னை மாம்பலத்துப் பெரிய ஏரி 1920-களில் தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் ஆனது. பெங்களூரில் தர்மாம்புதி ஏரி இருந்த இடம் இன்று கெம்பேகவுடா பஸ் நிலையம். அந்த நகரங்கள் மழைக்காலத்தில் படும் பாட்டை ஆண்டுதோறும் செய்திகளில் பார்க்கிறோம்.

திருவண்ணாமலைக்கு எச்சரிக்கை இன்னும் அருகிலேயே கிடைத்தது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து, பாறை உருண்டு, குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தனர். இந்த மலை ஒரே மழையில் எவ்வளவு நீரையும் மண்ணையும் கீழே தள்ளும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அந்த நீர் தங்க இடம் வேண்டும்; தங்கிய பின் போக வழி வேண்டும்.

எனவே வேங்கிக்கால் போன்ற ஏரிகளுக்கு வேலை போகவில்லை, வேலை மாறியிருக்கிறது. முன்பு நெல்லுக்கு நீர் தந்தது. இப்போது வீட்டுக் கிணறுகளுக்கும் ஆழ்துளைக் கிணறுகளுக்கும் ஊற்று தரவேண்டும், வெள்ளத்தைத் தாங்கவேண்டும், கீழ் ஏரிகளுக்கு வரத்தாக இருக்கவேண்டும். அங்கெல்லாம் இன்னும் நெல்லும் கரும்பும் பயிராகின்றன. மேல் ஊரார் விவசாயத்தை விட்டுவிட்டாலும், கீழ் ஊராரின் பயிருக்கு அவர்கள் கலங்கல்தான் வாசல்.

சிக்கல் இங்கேதான். 2000-ஆம் ஆண்டின் பாசன மேலாண்மைச் சட்டப்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் ஆயக்கட்டில் நிலம் வைத்திருப்பவர்களைக் கொண்டே அமையும். ஆயக்கட்டு சுருங்கினால் சங்கமும் சுருங்கும். மனை வாங்கிக் குடியேறியவருக்கு மதகு எது, கலங்கல் எது என்று தெரியாது. தெரிந்துகொள்ளக் காரணமும் இல்லை, வீட்டுக்குள் நீர் வரும் வரை.

செய்யக்கூடியவை

பொதுப்பணித் துறை வசமிருந்த ஏரிகளுக்கு 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் உண்டு. எல்லையை அளந்து, விவரத்தை மக்கள் அறிய வெளியிட்டு, ஆக்கிரமிப்பை அகற்ற அது வழி செய்கிறது. அந்த ஏரிகள் 2021 முதல் தனியாக இயங்கும் நீர்வளத் துறையின் பொறுப்பு. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருப்பவை. ஊர் மாநகராட்சிக்குள் போகும்போது எந்த ஏரி எந்தக் கைக்குப் போகிறது என்பதைக் கிராமத்தார் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஏரி வண்டலை எடுத்துக்கொள்ள விரும்பும் விவசாயிகளுக்கு 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார். ஏக்கருக்கு நஞ்சையில் 75 கன மீட்டர், புஞ்சையில் 90 கன மீட்டர் என்று அளவு வகுக்கப்பட்டது. ஆனால் சாக்கடை கலந்த ஏரியின் மண்ணை அப்படியே வயலில் கொட்டிவிடக் கூடாது. ஒரு மாதிரியை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்த்த பிறகே வண்டி பிடிக்கவேண்டும்.

இன்னும் நிலம் வைத்திருப்பவர்கள், தங்கள் நிலத்தின் வரைபடத்தோடு பக்கத்து வாய்க்கால் புறம்போக்கின் புலப்படத்தையும் நகல் வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும். 'அ' பதிவேட்டில் வாய்க்கால், ஓடை, ஏரி உள்வாய் என்று எந்தெந்த சர்வே எண் இருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். மனை வாங்குகிறவரும் இதைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்தால் பின்னால் நோட்டீஸ் வராது. அளவில் வித்தியாசம் இருந்தால், ஜூன் முடிவில் பசலி ஆண்டு நிறைவடைவதற்கு முன் நடக்கும் ஜமாபந்தியில் மனு கொடுக்கலாம். இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு. புரட்டாசியில், மழைக்கு முன், புலப்படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கலங்கலுக்குக் கீழே நடந்து பார்க்கவேண்டும். படத்தில் உள்ள அகலம் தரையில் இருக்கிறதா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.