பட்டாவில் பெயர் இல்லாத உழவர்

அரக்கோணம், நெமிலி பக்கத்துக் கிராமங்களில் பல வீடுகளின் ஆண்கள் விடியற்காலை ரயிலில் சென்னைக்கோ, கம்பெனி பேருந்தில் ஸ்ரீபெரும்புதூருக்கோ கிளம்பிவிடுகிறார்கள். நாற்று நடுவது, களையெடுப்பது, வேர்க்கடலை பறிப்பது எல்லாம் பெண்கள் தலையில். அவர்களில் ஒருத்தி கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால், சங்கம் முதலில் கேட்பது நிலப் பதிவேட்டு நகல்களான சிட்டாவும் அடங்கலும். அதில் கணவர் பெயரோ மாமனார் பெயரோ இருக்கும். சில வீடுகளில் என்றோ இறந்துபோன தாத்தாவின் பெயர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் நிலம் வைத்துச் சாகுபடி செய்பவர்களில் பெண்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 14 பேர்தான். அவர்கள் கையிலுள்ள பரப்பு 12 விழுக்காட்டுக்கும் குறைவு. பெயர் இருப்பவருக்குக் கூட்டுறவுப் பயிர்க்கடன், தவணையில் கட்டினால் வட்டியே இல்லை. வங்கியின் உழவர் கடன் அட்டையில் ஒழுங்காகக் கட்டுவோருக்கு 4 விழுக்காடு. பெயர் இல்லாதவள் தாலிச் செயினை அடகு வைக்கிறாள். இல்லையென்றால் ஆண்டுக்கு 20 விழுக்காட்டுக்கு மேல் வட்டி போகும் வாரக் குழுக் கடனில் விழுகிறாள். பி.எம். கிசான் 6,000 ரூபாயும் நிலம் பதிவாகியுள்ள குடும்பத்துக்குத்தான். கிராமத்துப் பெண்களின் கடன் சுமைக்குச் சிக்கனம் போதாததே காரணம் என்பது அநியாயமான பேச்சு. சுமையின் வேர் பட்டாவில் இருக்கிறது.

சட்டம் பெண் பக்கம்தான் நிற்கிறது. கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதலே சொல்லிவிட்டது. அதற்கு முன் திருமணமான மகள்களை மட்டும் அந்தச் சட்டம் விட்டுவிட்டது. 2005 செப்டம்பர் 9-இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்தத் தடையையும் நீக்கியது. அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி முடிந்த பாகப்பிரிவினையைத் திறக்க முடியாது. தந்தை சுயமாகச் சம்பாதித்த நிலத்தை அவர் விரும்பியவருக்கு உயில் எழுதலாம். உயில் இல்லையென்றால் மனைவி, தாய், மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. இது இந்துக்களுக்கான சட்டம். கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கு விதிகள் வேறு. தென்னாப்பிரிக்காவிலும் மூத்த ஆண் வாரிசுக்கே சொத்து என்ற வழக்கத்தை அரசியல் சாசன நீதிமன்றம் 2004-இல் செல்லாதென்றது. தீர்ப்பு வந்ததும் நிலம் தானாகக் கைக்கு வருவதில்லை, அங்கும் சரி, இங்கும் சரி.

இங்கே நிலம் கைநழுவும் இடம், பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் விடுதலைப் பத்திரம். தந்தை இறந்த சில மாதங்களில் "ஒரு கையெழுத்துதான்" என்று அக்கா தங்கைகளைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப்போகிறார்கள். சீர் செய்தாயிற்றே என்பார்கள். சீரும் நகையும் நிலப் பங்கைத் தீர்க்காது. வரதட்சணை என்றால் 1961 முதல் அது குற்றம். நிலம் துண்டாகிவிடும் என்ற கவலையில் நியாயம் உண்டு. ஆனால் மூன்று அண்ணன் தம்பிகள் பிரிக்கும்போது அந்தக் கவலை ஏன் எழுவதில்லை? வரப்பு போடாமலே கூட்டுப் பட்டாவில் எல்லாப் பெயரையும் சேர்க்கலாம். பிறந்த வீட்டு உறவு முறியும் என்பதுதான் கனமான ஆட்சேபம். உறவுக்காக ஒருத்தி விட்டுக்கொடுக்கலாம், அது அவள் உரிமை; ஆனால் மதிப்பு தெரிந்து, யோசிக்க நாள் எடுத்து விட்டுக்கொடுக்கட்டும். பதிவான பத்திரத்தை ரத்து செய்வது மிகக் கடினம்.

வாரிசுச் சான்றிதழில் மகள்கள் பெயர் விடுபடாமல் பாருங்கள். வில்லங்கச் சான்று எடுத்து, நிலம் விற்கப்பட்டதா என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்களை விட்டுவிட்டுப் பட்டா மாறியிருந்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். பங்கு கேட்டுச் சிவில் நீதிமன்றமும் போகலாம். குத்தகைக்கு உழுபவர்கள் பட்டா இல்லாமலே கூட்டுப் பொறுப்புக் குழுவாக வங்கியை அணுகலாம். நிலமற்ற ஆதிதிராவிடர், பழங்குடிப் பெண்கள் நிலம் வாங்கத் தமிழ்நாடு அரசின் தாட்கோ நிறுவனத்தின் நன்னிலம் திட்டம் பாதி விலையை, 5 லட்சம் வரை, மானியமாகத் தருகிறது. வாரக் குழுக் கடன் போன்ற நுண்கடனை வசூலிப்பவர் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6-க்குப் பின்னும் அழைப்பதை ரிசர்வ் வங்கி தடுத்திருக்கிறது. மிரட்டி வசூலிப்பதற்கு எதிராகத் தமிழ்நாடு 2025-இல் தனிச் சட்டமே போட்டிருக்கிறது. வழக்குச் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம்: வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். கையெழுத்துப் போடும் முன் 15100 என்ற சட்ட உதவி எண்ணில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.