போக எட்டு, வர ஏழு

லண்டன் ஹீத்ரூ விமான நிலையத்துக்கும் நியூயார்க் கென்னடி நிலையத்துக்கும் இடையே சுமார் 5,540 கிலோமீட்டர். எந்தப் பக்கமிருந்து அளந்தாலும் அதே தூரம்தான். ஆனால் விமான அட்டவணையைப் பார்த்தால் லண்டனிலிருந்து நியூயார்க் போக ஏறக்குறைய 8 மணி நேரம், திரும்பி வர 7.

பூமி சுழல்வதால்தான் இப்படி என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. பூமி சுழல்வது கிழக்கு நோக்கி. அந்தக் கணக்குப்படி நியூயார்க் அல்லவா விமானத்தை எதிர்கொண்டு வரவேண்டும்? போகும் பயணம்தானே குறைய வேண்டும்? நடப்பதோ நேர்மாறு. பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுழல்வதால் அந்த வாதம் எடுபடாது.

வித்தியாசத்துக்குக் காரணம் ஜெட் காற்றோட்டம். தரையிலிருந்து 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்றாறு அது. துருவத்துக்கும் வெப்ப மண்டலத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடுதான் அதை ஓட்டுகிறது. அந்த வேறுபாடு கூடும் குளிர்காலத்தில் அதன் வேகமும் கூடும்.

இந்தக் காற்றை முதலில் முறையாக அளந்தவர்களில் ஒருவர் ஜப்பானிய வானிலையாளர் வாசாபுரோ ஓய்ஷி. 1920-களில் தாதெனோ ஆய்வகத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு அளந்தார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று முடிவுகளை, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் வெளியிட்டார். பாவம், கிட்டத்தட்ட யாரும் படிக்கவில்லை! இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் மேல் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானிகள் அந்தக் காற்றில் சிக்கித் திணறித்தான் தெரிந்துகொண்டார்கள்.

பரிசலை நினைத்துக்கொள்ளுங்கள். துடுப்பு போடுவது ஒரே வேகம்தான். நீரோட்டத்தோடு போனால் கரை விறுவிறுவென்று பின்னால் ஓடும், எதிர்த்துப் போனால் நகரவே மாட்டேன் என்று நிற்கும். விமானமும் அப்படியே. காற்றுக்குள் அதன் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வையுங்கள். பின்னாலிருந்து 150 கிலோமீட்டர் வேகக் காற்று தள்ளினால் தரைக்கணக்கில் 1,050; எதிரே வீசினால் 750.

2020 பிப்ரவரியில் சியாரா புயல் நேரத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. ஒரு கட்டத்தில் தரைவேகம் மணிக்குச் சுமார் 1,327 கிலோமீட்டர். தரைமட்டத்தில் ஒலியின் வேகமே ஏறக்குறைய 1,225 தான். அப்படியானால் ஒலியை முந்திவிட்டதா? இல்லை. சுற்றியிருந்த காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் பறந்தது. அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருந்தது. நிஜமாகவே ஒலியை முந்தியது கான்கார்ட் பயணிகள் விமானம். 1996-இல் அது இதே வழியை 2 மணி 52 நிமிடம் 59 விநாடியில் கடந்தது.

வரும்போது மிச்சமாகும் நேரம் போகும்போது ஆகும் நஷ்டத்தை ஈடுகட்டிவிடும் என்று தோன்றும். ஈடுகட்டாது. மேலே சொன்ன வேகங்களையே வைத்தால் வர 5 மணி 17 நிமிடம், போக 7 மணி 23 நிமிடம். காற்றே இல்லாமல் போய்வருவதைவிட 20 நிமிடத்துக்குச் சற்று அதிகம். எதிர்காற்றில் மெதுவாகப் போகிற விமானம் அந்தக் காற்றிலேயே அதிக நேரம் மாட்டிக்கொள்கிறது அல்லவா!

அதனால்தான் அட்லாண்டிக்கின் மேல் வான்வழிகள் தினமும் புதிதாக வகுக்கப்படுகின்றன. கிழக்கே வருபவற்றைக் கனடாவின் காண்டர் மையமும் மேற்கே போகிறவற்றைப் பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து நடத்தும் ஷான்விக் மையமும் அன்றைய காற்றைப் பார்த்துத் தீர்மானிக்கும். மேற்கே போகும் விமானம் சில நாள் வடக்கே வெகுதூரம் வளைந்து போகும். கிலோமீட்டர் கூடும், நேரமும் எரிபொருளும் குறையும். அன்று சன்னலோரம் இடம் கிடைத்து, மேகமும் விலகினால், கீழே கிரீன்லாந்தின் பனிமலைகள் தெரியலாம்.